எந்தப் புத்தகத்தில் இருக்கு, டீச்சர்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் அவசியம் வாசியுங்கள். "ஆராய்ச்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைக்கிற உறவுகளும் வாசியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது.

போன மாதம் என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அனுமதி கொடுத்தாள். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கும்போது எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. இரண்டு வருடம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடுமாற்றத்தையும் குறித்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறாள். அது திரும்பி வந்துவிட்டது.

"மேற்கோள் பட்டியல் எங்கள் விதிமுறைப்படி இல்லை. தவிர, பட்டியலில் 14-ஆவதாகவும் 27-ஆவதாகவும் உள்ள கட்டுரைகளை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சரிபார்த்து இரண்டு வாரத்துக்குள் அனுப்பவும்." இதுதான் பதில்.

பாதி அழுகையும் பாதிக் கோபமுமாக வந்து உட்கார்ந்தாள். "வெறும் கமா, ஃபுல் ஸ்டாப் பிரச்சினை பெரியம்மா. அதுக்காக ரெண்டு வருஷ உழைப்பைத் திருப்பி அனுப்புவாங்களா?" என்றாள்.

முதலில் நானும் அவள் பக்கம்தான் பேசினேன். விடை சரியாக இருந்தால், அடிக்கோடு போடவில்லை என்பதற்காக நாம் மதிப்பெண்ணைக் குறைப்போமா? "சரி, அந்தப் பட்டியலைக் காட்டு" என்றேன். 43 வரிகள் இருந்தன.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். ஓர் ஆய்வுக் கட்டுரைகூட எழுதியதில்லை. இதைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், நோட்டுத் திருத்திய தகுதிதான் என்று சொல்வேன். வருடக்கணக்காக நாற்பது நாற்பது நோட்டாகத் தரையில் பரப்பித் திருத்தியவளுக்கு 43 வரியைத் திருத்தத் தெரியாதா என்ன?

முதல் நாள் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். மேற்கோள் எழுத உலகத்தில் பல முறைகள் இருக்கின்றனவாம். ஏபிஏ என்று ஒன்று, எம்எல்ஏ என்று ஒன்று. எம்எல்ஏ என்றதும், இதற்கு நம் தொகுதி எம்எல்ஏ எதற்கு என்று கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அது அமெரிக்காவின் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த முறையாம், இலக்கியம் படிப்பவர்கள் பின்பற்றுவது. ஏபிஏ என்பது அங்குள்ள உளவியலாளர் சங்கத்தின் முறை. 1929-இல் ஓர் இதழில் ஏழு பக்க அறிவுரையாகத் தொடங்கி, இன்று நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகமாக வளர்ந்திருக்கிறது. கல்வியியல்காரர்களும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். மருத்துவர்களுக்கு வான்கூவர் முறை. 1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி ஆரம்பித்தது. அதில் 1, 2, 3 என்று எண் மட்டும் போட்டுக்கொண்டே போவார்கள். கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரையும் பக்கத்தில் ஆண்டையும் போடும் வழக்கத்தை, 1881-இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் ஓடில்லாத தோட்டத்து நத்தையைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கணக்கு வைக்கிறார்கள். நத்தை ஊர்ந்து ஊர்ந்து நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள்!

முறை எதுவானாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான். யார் எழுதியது, எந்த ஆண்டு, தலைப்பு என்ன, எந்த இதழ், எந்தத் தொகுதி, எத்தனையாவது பக்கம். நாம் கடிதத்துக்கு எழுதுகிற விலாசம் மாதிரிதான். பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. ஊருக்கு ஊர் எழுதுகிற வரிசை மாறலாம். ஆனால் தபால்காரர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்ட முடியாவிட்டால் எவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியும் பயனில்லை.

இப்போது வருகிற கட்டுரைகளுக்கு டிஓஐ என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். 10 என்று தொடங்கும். 2000-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இதழ் கைமாறினாலும், இணையத்தில் இடம் மாறினாலும் அந்த எண் மாறாது. இதைக் கேட்டதும் எனக்குக் குறள் எண்தான் ஞாபகம் வந்தது. பரவலாகக் கிடைக்கிற எந்தப் பதிப்பு வாங்கினாலும், பக்கம் மாறும், குறள் எண் பெரும்பாலும் மாறாது. எண்ணைச் சொன்னால் உலகத்தின் எந்த மூலையிலும் குறளை எடுத்துவிடலாம். டிஓஐ என்பது கட்டுரைகளின் குறள் எண். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

இரண்டாம் நாளிலிருந்து நாங்கள் திருத்த உட்கார்ந்தோம். ஒரு நீள நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். "இருக்கிறதா? விவரம் சரியா? நீ படித்தாயா? நீ சொன்னது அதில் இருக்கிறதா?" 43 வரிக்கும் இந்த நான்கு கேள்வி. அவள் கணினியில் ஒவ்வொன்றாகத் திறக்க, நான் நோட்டில் டிக் போட்டேன். நான்கு நாள் ஆயிற்று.

கணக்கைச் சொல்கிறேன். 31 வரிகள் சரி. 8 வரிகளில் ஆண்டோ பக்கமோ தொகுதியோ தப்பு. 3 வரிகள் அவள் படிக்கவே படிக்காத கட்டுரைகள். ஆசிரியர் இதழ் கண்டுபிடிக்க முடியாத 14-ஆவதும் இந்த மூன்றில் ஒன்று. 27-ஆவது, அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை.

இந்தக் கணக்கு வருவதற்கு முன்பே ஒன்றைக் கவனித்தேன். அவள் பட்டியலில் சில புத்தகங்களுக்குப் பதிப்பகத்தோடு ஊர்ப் பெயரும் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. ஏன் என்று கேட்டேன். ஏபிஏ முறையில் முன்பு ஊரையும் எழுத வேண்டுமாம். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் ஊர் இருக்கிற வரிகள் ஏதோ பழைய ஆய்வேட்டிலிருந்து வந்தவை, இல்லாதவை வேறு எங்கிருந்தோ வந்தவை. "இதெல்லாம் நீ எழுதின பட்டியல் இல்லையே, சேர்த்த பட்டியல் மாதிரி இருக்கே" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அந்த இதழாசிரியர் மேல் எனக்கிருந்த கோபம் போனது. அவர் கமாவுக்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு நோட்டில் நான்கு விதமான கையெழுத்து இருந்தால் நமக்குச் சந்தேகம் வராதா? வீட்டுப் பாடத்தை யார் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரே பட்டியலில் நான்கு விதமான அமைப்பு இருந்தால் அவருக்கும் அதே சந்தேகம்தான் வரும். தேடிப் பார்த்தார், இரண்டு அகப்படவில்லை.

படிக்காத அந்த மூன்று எப்படி வந்தன? இன்னொருவர் கட்டுரையின் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாள். "எல்லாரும் அப்படித்தான் பெரியம்மா செய்றாங்க" என்றாள். எல்லாரும் என்ற அவள் பேச்சு முழுப் பொய்யில்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்று இரண்டு பேர், கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள், 2003-இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இயற்பியலில் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை ஏறத்தாழ 4,300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 இடங்களில் பக்க எண் போன்ற விவரங்கள் தப்பு. ஆனால் அந்த 196 தப்பும் தனித்தனித் தப்பு இல்லை. மொத்தம் 45 வகைதான். அதிலும் ஒரே தப்பு மட்டும் 78 முறை வந்திருந்தது. ஒருவர் தப்பாக எழுத, அடுத்தவர் மூலக் கட்டுரையைத் திறக்காமல் அவரைப் பார்த்து எழுதி, இப்படியே வரிசையாக வந்திருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா? எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் சரியான விடை எழுதியிருந்தால் இருவரும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இருவரும் ஒரே தப்பை எழுதியிருந்தால் ஒருவர் காப்பி அடித்திருக்கிறார் என்று அர்த்தம். என் வகுப்பில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சிலர் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். சிரிக்காதீர்கள்!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு பெரிய பதிப்பு நிறுவனம், மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வரியைக் கொடுத்திருந்தது. 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்ற பொருளில் ஒரு தலைப்பு, மூன்று பேர் பெயர், 2000-ஆம் ஆண்டு, பக்க எண், எல்லாம் உண்டு. ஆனால் அப்படி ஒரு கட்டுரை கிடையாது. வெறும் மாதிரி. அந்த மாதிரியை வைத்துப் பட்டியல் தயாரித்தவர்கள் அதை நீக்க மறந்துபோய், ஏறத்தாழ நானூறு இடங்களில் அந்த இல்லாத கட்டுரை மேற்கோளாகிவிட்டது. ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2017-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வடிவத்தைச் சொல்லிக் கொடுக்க வைத்த பொம்மை உயிர் பெற்று நடக்க ஆரம்பித்துவிட்டது!

27-ஆவதுக்கு வருகிறேன். அது அவள் கைபேசியிலிருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்தது. "தமிழ் வாசிப்புத் தடுமாற்றம் பற்றி ஒரு மேற்கோள் கொடு" என்று ஒரு ராத்திரி கேட்டிருக்கிறாள். அதுவும் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் பெயர் உண்மையான ஒருவர் பெயர். இதழ் உண்மையான இதழ். ஆண்டும் பொருத்தமான ஆண்டு. கமா, புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் அச்சு அசல். 43 வரிகளில் அமைப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். டிஓஐ எண்ணைப் போட்டுத் திறந்தால் மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை வருகிறது!

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். இது அச்சாகி, வாய்மொழித் தேர்வில் யாராவது "இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டும்மா" என்று கேட்டிருந்தால்? இரண்டு வருடம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சேகரித்த உண்மையான தரவு, ஒரு ராத்திரி சோம்பலால் பொய்யென்று ஆகியிருக்கும். ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற 42-ஐ யார் நம்புவார்கள்? 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், செயலி கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே நடந்ததில்லை. 5,000 டாலர் அபராதம். உலகமே பார்த்துச் சிரித்தது.

அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. "திருட்டுப் பார்க்கிற மென்பொருள்ல 7 சதவீதம்தான் பெரியம்மா வந்துது" என்றாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் மேற்கோள் பட்டியலைச் சேர்ப்பதில்லை. அடுத்தவர் வாக்கியத்தை எடுத்தாயா என்பதை மட்டும் அது பார்க்கும். நீ சொன்ன புத்தகம் இருக்கிறதா, அதை நீ திறந்தாயா என்று அது கேட்காது. அதை நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் கருத்து இதுதான். பட்டியலின் வடிவத்தை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். சோட்டெரோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விவரத்தை ஒருமுறை சரியாக ஏற்றினால் ஏபிஏ வேண்டுமா, எம்எல்ஏ வேண்டுமா, வான்கூவர் வேண்டுமா, ஒரு சொடுக்கில் மாற்றித் தரும். கமாவுக்காக ராத்திரி கண்விழிக்காதீர்கள். ஆனால் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வருவது உங்கள் வேலை. போகாத வீட்டின் விலாசத்தை எழுதாதீர்கள். மூலம் கிடைக்கவே இல்லையா? யாருடைய நூலில் பார்த்தீர்களோ அவரைச் சொல்லி, "இன்னார் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதுங்கள். பெரும்பாலான முறைகளில் அதற்கு இடம் உண்டு. அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இங்கே, இன்று கல்லூரிகளில் வழிகாட்டிகளாக இருக்கிற என் மாணவர்களிடம் ஒரு வார்த்தை சண்டை போட வேண்டியிருக்கிறது. "நூறு மேற்கோளாவது இருக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறீர்களாமே? நூறு வேண்டுமென்றால் பிள்ளை நூறைச் சேர்க்கும், படிக்காது. எத்தனை என்று எண்ணாமல், பட்டியலில் எதையாவது ஒன்றைத் தொட்டு "இதில் என்ன சொல்லியிருக்கு, சொல்லு" என்று கேளுங்கள். வாய்ப்பாடு முழுவதையும் ஒப்பிக்கச் சொல்ல மாட்டோமே, நடுவில் ஒரு பெருக்கலைத்தானே கேட்போம்? அது போதும்.

வடிவ விதியிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. நம் பெயர்களை அந்த விதி படுத்துகிற பாடு. அதில் ஆசிரியரின் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, மற்றதைச் சுருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். இந்தப் பழைய வழக்கத்தில் சிக்கல் வரவில்லை. சி. வி. ராமனை "ராமன், சி. வி." என்று திருப்பிப் போட்டாலும் ராமன் ராமனாகவே இருந்தார். இப்போது பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்காகவும் விண்ணப்பத்துக்காகவும் அப்பா பெயரை விரித்துப் பின்னால் எழுதுகிறார்கள். ஓர் உதாரணத்துக்கு, கவிதா முருகேசன். விதிப்படி அது "முருகேசன், க." ஆகிவிடும். ஆய்வு செய்தது மகள், உலகம் மேற்கோள் காட்டுவது அப்பாவை! கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் அதற்கு முன் எழுதிய கட்டுரை ஒருவருடையது, பின் எழுதியது வேறொருவருடையது என்று ஆகிவிடும்.

மயிலை சீனி. வேங்கடசாமி என்ற பெயரில் மயிலை ஊர். சீனி தந்தையார் பெயரின் சுருக்கம். இதில் எதை முன்னால் போடுவது என்று அந்த நானூறு பக்கப் புத்தகத்துக்குத் தெரியுமா? உ. வே. சாமிநாதையரை ஆங்கிலத்தில் ஒருவர் சுவாமிநாத ஐயர் என்கிறார், இன்னொருவர் சாமிநாதையர் என்கிறார், நூலகப் பட்டியலில் 'ச'வுக்கு 'சி' எழுத்தைப் போட்டு மூன்றாவது விதமாக இருக்கிறது. தேடுகிறவனுக்கு மூன்று பேர் கிடைப்பார்கள்.

அதனால் பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். முதல் கட்டுரை எழுதும்போதே உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, ஆயுசுக்கும் அப்படியே எழுதுங்கள். உங்கள் பெயர் கடைசியில் வருகிற மாதிரி எழுதினால் அது திரும்பும்போதும் முன்னால் நிற்கும். ஆர்சிட் என்று 16 இலக்க எண் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். பெயர் மாறினாலும் அந்த எண் உங்களோடு வரும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆசிரியர்களை மேற்கோள் காட்டும்போது, அவருடைய புத்தக அட்டையைப் பார்த்து, எது அவர் பெயர், எது அப்பா பெயர் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிடம் மென்பொருளால் செய்ய முடியாதது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொந்தரவு" என்று சொல்கிறவர்களும் நம் குடும்பத்தில் உண்டு. கமாவும் அடைப்புக்குறியும் அங்கிருந்து வந்தவையாக இருக்கலாம். எடுத்த இடத்தைச் சொல்லுகிற பழக்கம் நம்முடையதும்தான். வளையாபதி என்று ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றைப் பள்ளியில் படித்தோமே, அதன் முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்துக்காட்டிய பாடல்களும் புறத்திரட்டு என்ற தொகைநூலில் சேர்ந்தவையும்தான் மிச்சம். குண்டலகேசிக்கும் அதே கதி. இப்படி அழிந்துபோன நூல்களைத் தேடித் தொகுத்து மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவற்றில் பலவற்றின் பெயராவது நமக்குத் தெரிகிறதென்றால், எவரோ ஓர் உரையாசிரியர் ஓலையில் எழுதும்போது, "இது இந்த நூலில் உள்ளது" என்று நாலு எழுத்து அதிகமாகக் கீறியிருக்கிறார் என்று அர்த்தம். நூலைக் கரையான் தின்றுவிட்டது. மேற்கோள் பிழைத்துக்கொண்டது. பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட பாடல்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் இன்னும் அநாதையாக நிற்கின்றன.

என் தங்கை மகள் என்ன செய்தாள் என்று சொல்லவில்லையே. எட்டுத் தப்பையும் திருத்தினாள். படிக்காத மூன்றில் இரண்டைத் தேடிப் பிடித்துப் படித்தாள். அதில் ஒன்று அவள் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறது! அதற்காக ஒரு பத்தியையே மாற்றி எழுதினாள், கட்டுரை முன்பைவிட நன்றாக வந்தது. கிடைக்காத 14-ஐயும், இல்லாத 27-ஐயும் நீக்கினாள். இப்போது 41. "நீக்கினதைச் சொல்லாம அனுப்பிடலாமா பெரியம்மா?" என்று கேட்டாள். கேட்டவர்கள் அவர்கள், பதில் சொல்ல வேண்டியவள் நீ என்றேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் தானாகவே எழுதினாள். 14-ஐ மூலத்தில் பார்க்காமல் சேர்த்தது தவறு, 27 செயலி கொடுத்தது, சரிபார்க்காதது என் தவறு என்று. பதில் இன்னும் வரவில்லை. ஏற்பார்களா மாட்டார்களா தெரியாது. ஏற்காவிட்டால் வேறு இதழ் இருக்கிறது. இனி யார் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடியும், எனக்கு அது போதும்.

இப்போது உறவுகளுக்கு. நம் குடும்பக் குழுவில் தினமும் காலையில் "அப்துல் கலாம் சொன்னது", "விவேகானந்தர் சொன்னது" என்று பூப் படத்தோடு வருகிறதே, அவற்றில் எத்தனை அவர்கள் சொன்னவை? எங்கே சொன்னார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? சொல்லாததைச் சொன்னதாகப் பரப்புவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அந்த 27-ஆவது வரிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உங்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. வேலை பார்த்த காலத்தில் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் தினமும் 'இன்றைய பொன்மொழி' எழுதுவேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலண்டர் தாளிலிருந்தும் பத்திரிகைத் துணுக்கிலிருந்தும் எடுத்து, கீழே ஒரு பெரியவர் பெயரைப் போட்டுவிடுவேன். ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "இது எந்தப் புத்தகத்தில் இருக்கு, டீச்சர்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த நான்கு நாளும் நோட்டில் டிக் போடும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் வந்தது. ஆய்வு முறையியல் என்று முனைவர் பட்டப் படிப்பில் சொல்லிக் கொடுப்பதை அவன் ஆறாம் வகுப்பிலேயே கேட்டான். நான் உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அவனைத் தட்டிக்கொடுத்து, "தெரியலையேப்பா, வா, நூலகத்தில் போய்த் தேடுவோம்" என்று சொல்லியிருந்தால் வகுப்பில் இன்னும் நாலு பேராவது கேட்டிருப்பார்கள்.

இன்று வகுப்பறையில் நிற்கிற என் பிள்ளைகளே, செயல்திட்டம் என்று அட்டையில் படம் ஒட்டிக்கொண்டு வருகிற குழந்தையிடம் படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். "எங்கிருந்து எடுத்தாய் கண்ணு?" என்று கேட்டு, அட்டையின் கீழே ஒரு வரி எழுதவையுங்கள். வடிவம் எப்படியும் இருக்கட்டும். கமா பெரிய வகுப்பில் வந்துகொள்ளும்.

அந்தப் பையன் இதை வாசித்தால், தம்பி, நீ கேட்டதுதான் சரி. எழுந்து நில், இன்னொரு தடவை கேள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

பி.கு.: பதிவைப் பகிர்கிறவர்கள் பெயரோடு பகிருங்கள். இதில் சொன்ன தகவல்களை எங்கே பார்த்தீர்கள் டீச்சர் என்று யாராவது கேட்டால் இந்த முறை கோபப்பட மாட்டேன். நீள நோட்டு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.